மூன்று வாசல்களும் ஒரு மில்லிமீட்டரும்

வீட்டுத் தரையை மாற்றுவது என்று முடிவானபோது, டைல்ஸின் நிறத்தையும் அளவையும் பளபளப்பையும் தேர்ந்தெடுக்க நாங்கள் ஏறத்தாழ ஒரு மாதம் செலவிட்டோம். அந்த டைல்ஸ் எங்கே முடிகிறது, முடிகிற இடத்தில் அதன் ஓரம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. கூடத்தில் பழைய தரையின் மேலேயே புதிய டைல்ஸ், படுக்கையறையில் லேமினேட் மரத்தளம், சமையலறையில் பழைய தரை அப்படியே, பால்கனியில் சொரசொரப்பான வேறு டைல்ஸ் என்று வகுத்துக்கொண்டதில், ஒரு தரை இன்னொரு தரையைச் சந்திக்கும் வாசல்கள் மூன்று உருவாகியிருந்தன. மூன்றும் மூன்று விதமான சந்திப்புகள் என்பதும், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உலோகப் பட்டை வேண்டும் என்பதும் வேலை பாதி நடந்த பிறகே எனக்கு விளங்கின.

முதல் நாள் மாலை போய்ப் பார்த்தபோது, படுக்கையறை வாசலில் கடைசி வரிசை பதிந்து முடிந்திருந்தது. கிரைண்டரால் வெட்டிய அதன் ஓரம் எலி கறம்பினாற்போல் பொடிப்பொடியாகச் சிதைந்து, மேற்பூச்சு பெயர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் வெளிறிய மண் நிறம் தெரிந்தது. மேஸ்திரியிடம் கேட்டதற்கு, “அதுக்கென்ன சார், கடைசியில ஒரு பீடிங் ஒட்டிக்கலாம்” என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஒட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் வேலை முடிந்த பிறகு மேலே ஒட்டும் பட்டை வேறு, டைல்ஸ் பதிக்கும்போதே அதன் அடியில் பசையில் அமிழ்த்தி வைக்கும் பட்டை வேறு. இரண்டாவது வகைக்கான வாய்ப்பு, கடைசி வரிசை பதிந்த நொடியில் அந்த வாசலைப் பொறுத்தவரை போய்விட்டது. மறுநாள் காலை வேலையைச் சற்று நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, மீதியிருந்த இரண்டு வாசல்களுக்கான பட்டைகளைத் தேடிப் புறப்பட்டேன்.

அடியில் பதிக்கும் பட்டையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் ‘எல்’ எழுத்து போல இருக்கும். படுத்திருக்கும் பகுதி வரிசையாக ஓட்டைகள் இட்ட ஒரு கால். அது டைல்ஸுக்கு அடியில் போய்விடும், ஓட்டைகளின் வழியே பசை மேலேறி அதைப் பிடித்துக்கொள்ளும். நிற்கும் பகுதியின் மேல் விளிம்பு மட்டும் ஒரு மெல்லிய கோடாக வெளியே தெரியும். இதே காலுடன், ஆனால் நிற்கும் பகுதிக்குப் பதிலாக வெளிப்புறம் சரிந்து இறங்கும் முகம் கொண்ட பட்டையும் உண்டு. ஒரு தரை உயரமாகவும் அடுத்தது தாழ்வாகவும் இருக்கும் இடத்துக்கு அதுதான் ஏற்றது. மேலே ஒட்டும் வகைகளில் முக்கியமானது ‘டி’ வடிவப் பட்டை. இரண்டு தரைகளும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்து, நடுவில் ஓர் இடைவெளி இருந்தால், அதன் தண்டு இடைவெளிக்குள் இறங்க, தலை இருபுறமும் மூடிக்கொள்ளும். கடைகளில் இவை எல்லாவற்றுக்கும் பீடிங் என்ற ஒரே பெயர் வழங்குவதால், பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, இரு தரைகளையும் அவற்றின் உயரங்களையும் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படத்தைத் தாளில் வரைந்து கொண்டுபோவது நல்லது என்பது என் அனுபவம்.

சமையலறை வாசலில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன், அதிகம் கெடுத்ததும் அங்கேதான். எங்கள் டைல்ஸ் பெட்டியின் மீது 9 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. ஆகவே 10 மில்லிமீட்டர் உயரமுள்ள சரிவுப் பட்டையை வாங்கி வந்தேன். வெர்னியர் காலிப்பரால் அளந்தபோது டைல்ஸின் முதுகில் இருந்த வரிகளையும் சேர்த்து 9.4 வந்தது. அதற்கு அடியில் பசை இருக்க வேண்டும் என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 6 மில்லிமீட்டர் சதுரப் பற்கள் கொண்ட கரணையால் இழுத்த பசை, டைல்ஸை அழுத்தி உட்கார வைத்த பிறகு பாதியோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். எங்கள் வேலையில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டராக நின்றது. ஆக, தரையின் உண்மையான மேல்மட்டம் 12.4. ஒரு துண்டு டைல்ஸையும் அதனடியில் 3 மில்லிமீட்டர் அட்டைத் துண்டுகளையும் வைத்துப் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்தபோது, பட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடந்தது.

‘எல்’ வடிவப் பட்டையாக இருந்திருந்தால் இது பெரிய பிழை அன்று. காலுக்கு அடியிலும் கொஞ்சம் பசையை வைத்து மேலே தூக்கிவிடலாம். காலுக்கு அடியில் கொஞ்சம், காலுக்கு மேலே கொஞ்சம் என்று பசைப் படுகையின் நடுவில் அது மிதப்பதுதான் வழக்கமும்கூட. சரிவுப் பட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் கீழ் நுனி தாழ்வான தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேல் முனையைத் தூக்கினால் கீழ் நுனியும் சேர்ந்து எழும்பி, அதன் அடியில் துடைப்பக் குச்சி நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிடும். எனவே சரிவுப் பட்டைக்கு டைல்ஸ், பசை இரண்டையும் சேர்த்த மொத்த உயரமே அளவு. நான் திரும்பிப் போய் 12.5 மில்லிமீட்டர் பட்டையாக மாற்றி வந்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பட்டையோடு வரும் விவர அட்டையில் எழுதியிருக்கும் உயரம் காலின் தடிமனையும் சேர்த்ததா, சேர்க்காததா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம். கடையிலேயே ஒரு துண்டை அளந்து பார்த்துவிடுவது இரண்டாம் நடையை மிச்சப்படுத்தும்.

சரிவைப் பற்றி ஒரு கணக்கு. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் வடிவமைப்புத் தரவிதிகளின்படி, தரை மட்டத்தில் 6.4 மில்லிமீட்டர் வரையிலான வேறுபாடு செங்குத்தாக இருக்கலாம். அதற்கு மேல் 13 மில்லிமீட்டர் வரை, 1:2 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாகாத சரிவு இருக்க வேண்டும். அதையும் தாண்டினால் முறையான சாய்தளமே அமைக்க வேண்டும். அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தினாலும் கட்டுப்படுத்தாவிட்டாலும், கால் தடுக்காத வீட்டுக்கு அது நல்ல அளவுகோல். எங்கள் 12.5 மில்லிமீட்டருக்கு 1:2 என்றால் குறைந்தது 25 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். நான் வாங்கிய பட்டையின் முகம் அதைவிட அகலம். கூடத்தின் மட்டம் இவ்வளவு உயர்ந்ததில், உள்பக்கம் திறக்கும் கதவு ஒன்றின் அடியைச் சீவ வேண்டி வந்தது. அதைப் பட்டை வைத்த பிறகு அல்ல, முன்பே செய்திருக்க வேண்டும்.

இத்தனை அளந்தும் அங்கே ஒரு தவறு நடந்தது. அந்த வாசலில் முன்பு ஒரு கல் படி இருந்தது; அதைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டுக் கலவையால் நிரப்பியிருந்தார்கள். நிரப்பிய இடத்தின் ஒரு பக்கம் மெல்லிய மேடாக இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. நீளமான அலுமினியக் கட்டையைக் குறுக்கே வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பட்டை அந்த மேட்டின் மீது ஏறி உட்கார்ந்து, ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு டைல்ஸின் மட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றது. மாலையில் வெறுங்காலுடன் நடந்த அம்மா, “இங்க ஏதோ பிளேடு மாதிரி இருக்குடா” என்றபோதுதான் குனிந்து பார்த்தேன். பசை அதற்குள் இறுகியிருந்தது.

உலோக விளிம்பு டைல்ஸின் மட்டத்தோடு சமமாக இருக்கலாம், ஒரு மில்லிமீட்டர் வரை தாழ்ந்தும் இருக்கலாம்; உயர்ந்து மட்டும் இருக்கக் கூடாது. தாழ்ந்த விளிம்பைக் கால் கண்டுகொள்வதில்லை. உயர்ந்த விளிம்போ காலைக் கீறும், துடைப்பத்தில் மாட்டும், மேலே உருட்டும் எல்லாவற்றின் இடியையும் தானே வாங்கிக்கொண்டு நாளடைவில் பசையிலிருந்து கழலும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு சாண் பட்டையைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது.

உலோகத்தைத் தேர்ந்தெடுத்ததில் நான் முதலில் நிறத்தையே பார்த்தேன். சமையலறைக்கு வெண்கல நிறம் ஏற்றிய அனோடைஸ் அலுமினியம், அதாவது மின்வேதி முறையில் மேலே ஆக்சைடு படலம் தடிக்கச் செய்த அலுமினியம். இலேசானது, வெட்ட எளிது, துருப்பிடிக்காது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஈரச் சிமெண்டு கடுமையான காரத் தன்மை கொண்டது. அதன் காரகாடித்தன்மை எண் (pH) 12க்கும் மேல். அலுமினியத்தின் மேற்பரப்பில் இயற்கையாகவோ அனோடைஸ் முறையாலோ அமைந்திருக்கும் ஆக்சைடு படலத்தை அந்தக் காரம் அரித்துவிடும். டைல்ஸ் பசையும், இடைவெளிகளை நிரப்பும் கிரௌட்டும் பெரும்பாலும் சிமெண்டால் ஆனவையே. பட்டையின் முகத்தில் ஒட்டிய பசையை உடனே ஈரத் துணியால் துடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஓர் இடத்தில் இரவு முழுவதும் விட்டுவிட்டதில், காலையில் சுரண்டி எடுத்த பிறகும் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெளிறிய திட்டு நிலைத்துவிட்டது. எதனால் தேய்த்தாலும் அது போகாது, ஏனென்றால் அது அழுக்கு அல்ல, அரிப்பு. காய்ந்த சிமெண்டுக் கறையை நீக்க டைல்ஸின் மீது ஊற்றும் அமிலக் கரைசலும் இதே அலுமினியத்தைக் கெடுக்கும் என்பதால், அந்தப் புட்டியை நான் அப்பகுதிக்கே கொண்டுபோக விடவில்லை.

பித்தளைப் பட்டை அழகானது; காலப்போக்கில் கறுத்து, தொடர்ந்து மிதிபடும் நடுப்பகுதி மட்டும் மின்னும். அதை விரும்புகிறவர்கள் உண்டு, வாராவாரம் தேய்த்துக்கொண்டிருக்க விரும்பாதவர்களும் உண்டு. நான் இரண்டாம் வகை.

பால்கனிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. மழையும் வெயிலும் படும் இடம் அது. பொதுவான பயன்பாட்டுக்கு 304 என்ற தரம் போதும். உப்புக் காற்று வீசும் கடற்கரை வீடுகளிலும் நீச்சல்குளத்தின் ஓரத்திலும் மாலிப்டினம் கலந்த 316 தரம் வேண்டும், ஏனெனில் குளோரைடு உப்புகள் 304ஐப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். அந்த வாசலில் முன்பிருந்த அலுமினிய மூடுபட்டை நடுவில் வில்லாக வளைந்து எழும்பிக் கிடந்ததை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறேன். மலிவான பட்டை என்றுதான் எண்ணியிருந்தேன். காரணம் அதுவல்ல. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு ஒரு மீட்டரில் 0.023 மில்லிமீட்டர் விரியும். அந்த வாசலின் அகலம் 2.7 மீட்டர், விடியற்காலைக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையில் உலோகத்தின் வெப்பம் 35 டிகிரி ஏறினால் விரிவு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டும். இரு முனைகளும் சுவரில் முட்டிக்கொண்டிருந்த பட்டைக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழி ஏது? 304 ஸ்டீல் அதே நிலையில் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் விரியும். குறைவுதான், ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. ஆகவே இரு முனைகளிலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடம் விட்டு, அதைச் சிலிக்கோனால் நிரப்பினோம். பட்டை 2.5 மீட்டர் நீளத்தில்தான் கிடைத்தது. மீதி 20 சென்டிமீட்டருக்கு ஒட்டுத் துண்டு வேண்டியிருந்தது. சிறிய துண்டு எளிதில் கழன்றுவிடும் என்பதால், இரண்டாவது பட்டை ஒன்றையும் வாங்கி, மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று வெட்டி, இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டேன்.

வெட்டும் வேலையை நானே செய்தேன், அதனால் அதில் நேர்ந்த பிழைகளும் என்னுடையவையே. அலுமினியத்தை ஓர் அங்குலத்துக்கு 24 அல்லது 32 பற்கள் உள்ள ஹேக்சா பிளேடால், மரத்தாலான கோணப் பெட்டியில் வைத்து அறுப்பது நிதானமான வழி. பட்டைக்குள் பொருந்தும் ஒரு மரத் துண்டைத் தாங்கலாக வைத்துக்கொண்டால் மெல்லிய காலும் முகமும் நசுங்காது. வெட்டும் கோட்டின் மீது தாள் நாடா ஒட்டி, முகப்புப் பக்கத்திலிருந்து அறுப்பைத் தொடங்கினால் நிறப் படலம் உரியாது. அறுத்த பின் பிசிறை அரத்தால் தேய்க்கும்போது அலுமினியப் பொடி அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளும்; அரத்தின் மீது முன்பே சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டால் அவ்வளவாக அப்புவதில்லை. இது மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. பீடிங் பற்றிய அவருடைய முதல் நாள் பேச்சை நான் அத்துடன் மன்னித்துவிட்டேன்.

ஸ்டீல் பட்டை ஹேக்சாவுக்கு மசியவில்லை. ஒரு மில்லிமீட்டர் தடிமனான வட்டத் தகடு பொருத்திய கிரைண்டரால், கண்ணாடி அணிந்து, பட்டையை அசையாமல் இறுக்கிப் பிடித்துவைத்து வெட்டினேன். வெட்டு நேராக வந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாள் அதே தகட்டால் யாரோ இரும்புக் கம்பியை அறுத்திருந்தார்கள். சாதாரண இரும்பின் துகள்கள் ஸ்டீலின் மீது படிந்து, முதல் மழைக்குப் பின் வெட்டிய முனையில் செம்புள்ளிகளாகத் துருப்பிடித்தன. ஸ்டீல் துருப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தேன். நல்ல வேளையாக, தேய்த்துப் பார்த்தபோது அது மேலோட்டமான துரு என்று தெரிந்தது. நைலான் நாரால் தேய்த்துக் கழுவியதில் போய்விட்டது. ஸ்டீலுக்கென்று ஒரு புதிய தகட்டைத் தனியே வைத்திருப்பது பெரிய செலவு அன்று.

பதிக்கும் முறை பார்வைக்கு எளிது, அவசரப்பட்டால் கெடுவது. பட்டையின் கோடு எங்கே வரவேண்டும் என்பதைக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும். மூடிய கதவுப் பலகையின் தடிமனுக்கு நேர் கீழே அது அமைந்தால், ஓர் அறையிலிருந்து பார்க்கும்போது அடுத்த அறையின் தரை எட்டிப் பார்க்காது. தரையில் நூல் பிடித்துக் கோடிட்டு, பல் கரணையால் பசையை இழுத்து, பட்டையின் காலை அதில் அழுத்தி, கரணையின் தட்டையான பக்கத்தால் காலின் மேலும் பசையைப் பூசி மூடிவிட வேண்டும். அதன் மேல் டைல்ஸை வைத்து அழுத்தும்போது, காலின் ஓட்டைகளின் வழியே பசை பிதுங்க வேண்டும். இந்த விளிம்பு டைல்ஸின் அடியில் காற்றிடம் இருக்கவே கூடாது, ஏனென்றால் வாசலில்தான் நடமாட்டம் அதிகம். கட்டைவிரல் மூட்டால் தட்டிப் பார்த்தபோது பால்கனி வாசலில் ஒரு டைல்ஸ் பானை போல ஒலித்தது, ஈரம் காயும் முன்பே அதைப் பெயர்த்து மீண்டும் பதித்தோம். டைல்ஸைப் பட்டையோடு முட்டவும் விடக்கூடாது. ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இடம் விட்டு, மற்ற இடைவெளிகளோடு சேர்த்து கிரௌட் நிரப்ப வேண்டும். ஆலையில் இயந்திரம் அறுத்த ஓரம் பட்டையை நோக்கி வருமாறும், நாம் வெட்டிய ஓரம் சுவர்ப் பக்கம் ஒதுங்குமாறும் முதல் நாளே வரிசைகளைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ‘எல்’ பட்டை டைல்ஸின் மேல் கவிவதில்லை, ஆதலால் சிதைந்த ஓரத்தை அது மறைக்காது. மறைக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

பட்டையின் முகத்தில் ஒரு பாதுகாப்புத் தாள் ஒட்டி வரும். அதை முழுவதும் உரித்துவிட்டால் கீறல் விழும். அப்படியே விட்டால் தாளின் ஓரம் கிரௌட்டுக்குள் சிக்கி, பிறகு இழுக்கும்போது நார்நாராகக் கிழிந்து நிற்கும். டைல்ஸ் பக்கமுள்ள ஓரத்தை மட்டும் முன்கூட்டியே கத்தியால் கீறி எடுத்துவிட்டு, மீதியைக் கடைசி வரை விட்டுவைத்தோம்.

முதல் நாள் கைவிட்டுப்போன படுக்கையறை வாசலுக்கு இறுதியில் ‘டி’ பட்டையே கதியாயிற்று. சிதைந்த டைல்ஸ் ஓரத்தை அதன் தலை மூடிவிட்டது. அந்த அளவுக்கு மேஸ்திரி சொன்னது சரி. மரத்தளம் பொருத்த வந்தவரோ தண்டு இறங்கும் இடைவெளி முழுவதையும் பசையால் நிரப்பிவிட்டார். லேமினேட் பலகைகள் தரையில் ஒட்டாமல் மிதப்பவை. காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதற்குச் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடம் கேட்பவை. ஈரமான பருவம் வந்ததும் வாசலை ஒட்டிய இரண்டாம் பலகையின் இணைப்பு மெல்லக் கூரை போல எழும்பியது. பட்டையைப் பெயர்த்து, காய்ந்த பசையை உளியால் சுரண்டி எடுத்து, புதிய பட்டையை டைல்ஸ் பக்கத்தில் மட்டும் ஒட்டி, மரப் பக்கத்தில் தலை வெறுமனே படிந்திருக்குமாறு வைத்தோம். இரண்டு வாரத்தில் பலகை தானாகவே தணிந்தது.

சமையலறை வாசலின் அந்த ஒரு சாண் மேட்டை மட்டும் அரத்தால் ராவித் தாழ்த்தினேன். அனோடைஸ் படலம் போய்விட்டதால், வெண்கல நிறப் பட்டையின் இடப் பக்கத்தில் இப்போது ஒரு வெள்ளித் தழும்பு இருக்கிறது. அம்மாவுக்கு அதில் குறையில்லை. காலில் படுவதில்லை என்கிறார்.